எச்சரிக்கை வந்த பிறகு யார் என்ன செய்வது?

கேள்வி: சிறிய தொண்டு அமைப்புகளுக்கு உதவும் ஒரு கூட்டமைப்பில் அண்மையில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு முதியோர் இல்லம், குழந்தைகள் பகல் காப்பகம், சிறிய மருத்துவ மையம், நூலகம், ஓர் இளைஞர் மன்றம் என்று பலதரப்பட்ட அமைப்புகள் எங்கள் உறுப்பினர்கள். காலநிலை மாற்றத்துக்கும் கடும் வானிலைக்கும் இவர்களைத் தயார்படுத்துவது என் பொறுப்பு. பயிற்சிப் பட்டறை நடத்தினேன், எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய மாதிரித் திட்ட அறிக்கை கொடுத்தோம், யாரும் திறந்து பார்க்கவில்லை. போன பெருமழையில் பகல் காப்பகத்தின் பதிவேடுகள் நனைந்து வீணாயின. கேட்டால் நேரமில்லை, பணமில்லை, ‘இதுவரை இங்கே தண்ணீர் வந்ததே இல்லை’ என்கிறார்கள். மேலிடமோ ஆண்டு முடிவுக்குள் எல்லா அமைப்புகளுக்கும் திட்டம் தயார் என்று அறிக்கை கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பதிவேடுகள் நனைந்த செய்தியைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். அந்தக் காப்பகத்துக்கு மறுபடி போங்கள். பயிற்சி வேண்டாம், திரையில் படம் காட்ட வேண்டாம். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது? வாசல் வழியாகவா, கழிப்பறைக் குழாய் வழியாகத் திரும்பி ஏறியதா? முதலில் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு? முந்தின நாள் வானிலை எச்சரிக்கை வந்திருந்ததா, வந்திருந்தால் யார் காதுக்கு எட்டியது? அலமாரிச் சாவி யாரிடம் இருந்தது? பதிவேடுகளை மேல் தட்டுக்கு மாற்ற எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அப்புறம் காப்பகம் எத்தனை நாள் மூடியிருந்தது, அந்த நாட்களில் பெற்றோர்கள் பிள்ளைகளை எங்கே விட்டார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லச் சொல்ல, அவர்களுக்கு வேண்டிய திட்டத்தின் பெரும்பகுதி உங்கள் நோட்டில் வந்துவிடும். அதில் அநேகமாக ஒன்றைக் காண்பீர்கள். எச்சரிக்கை வந்திருக்கும். யாரோ ஒருவர் கைபேசியில் அதைப் பார்த்தும் இருப்பார். ஆனால் பதிவேடுகளைத் தூக்கி வைப்பது தன் வேலை என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நான் பார்த்த சிறிய அமைப்புகளில் பெரும்பாலான இழப்புகளுக்குப் பின்னால் இதுதான் இருந்தது. தகவல் கைக்கு வந்திருக்கிறது, அதை வைத்து முடிவெடுக்க யாரும் இருந்ததில்லை.

அதனால் உங்கள் வேலையை இப்படிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் அவர்களிடம் ஆவணம் வாங்கப் போகவில்லை. சில முடிவுகளை வானம் தெளிவாக இருக்கும்போதே, நிதானமாக உட்கார்ந்து, பெயர் போட்டு எடுக்க வைக்கப் போகிறீர்கள். ‘காலநிலை மாற்றத் தகவமைப்பு’ (மாறும் வானிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது) என்று பேச்சைத் தொடங்கினால் அது வேறு யாரோ பெரியவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடுவார்கள். ‘போன தடவை எது நின்றுபோனது, அதனால் யார் கஷ்டப்பட்டார்கள்’ என்று தொடங்கினால் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். சமையல் செய்பவருக்கும் காவலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் கட்டாயம் இருக்கும். அவர்களை விட்டுவிட்டு நிர்வாகக் குழுவோடு மட்டும் பேசாதீர்கள். தண்ணீர் முதலில் எந்த மூலையில் தேங்குகிறது, எந்த ஜன்னல் காற்றுக்குத் தாங்காது, மின்சாரம் போனால் முதலில் எது கெடுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது, ஒவ்வொரு அமைப்பிலும் நிற்கவே கூடாத வேலை எது என்று கேளுங்கள். முதியோர் இல்லத்தில் அது வேளாவேளைக்கு மருந்து, குடிநீர், இரவில் ஒருவர் பக்கத்தில் இருப்பது. மருத்துவ மையத்தில் குளிர்பதனப் பெட்டியிலுள்ள தடுப்பூசியும் இன்சுலினும். நூலகம் இரண்டு நாள் மூடியிருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. நூலகர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவருக்கு வேறு பங்கு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். நிற்கக் கூடாத வேலையைக் கண்டுபிடித்ததும் அதைப் பின்னோக்கித் தொடர்ந்து போங்கள். அது எதை நம்பியிருக்கிறது, அது இன்னும் எதை நம்பியிருக்கிறது என்று கடைசிக் கண்ணி வரை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பெரிய மருத்துவமனைகளே கடைசிக் கண்ணியைக் கோட்டைவிட்டிருக்கின்றன. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாவது மாடியில் பத்திரமாக இருந்தன. வெள்ளம் அவற்றைத் தொடவே இல்லை. ஆனால் அவற்றுக்கு எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. அடித்தளம் நிரம்பியதும் பம்புகள் நின்றன. ஊழியர்களும் படைவீரர்களும் மாடிப்படிகளில் வரிசையாக நின்று எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதின்மூன்று மாடிக்கும் தூக்கிக் கொடுத்தார்கள். கடைசியில் பல நூறு நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் வாங்கியாயிற்றா என்ற கேள்விக்கு அங்கே ‘ஆமாம்’ என்றுதான் பதில் எழுதியிருப்பார்கள். உங்கள் மாதிரி அறிக்கையிலும் அப்படிக் கட்டம் போட்ட கேள்விகள் நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். கட்டத்தில் டிக் போடுவதை விட, ஒருவரை அழைத்துக்கொண்டு போய் ‘இதைப் போட்டுக் காட்டுங்கள்’ என்று சொல்வது மேல். இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது? மின் பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மோட்டார் ஓடாவிட்டால் தொட்டியில் இருக்கும் தண்ணீர் எத்தனை வேளைக்கு வரும்? கைபேசி கோபுரம் செயலிழந்தால் இரவுப் பணியாளரை எப்படி வரவழைப்பீர்கள்?

சரி, ‘இதுவரை தண்ணீர் வந்ததே இல்லை’ என்பதற்கு வருவோம். இதைச் சொல்பவர்களோடு வாதாடாதீர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. இத்தனை ஆண்டுகள் வரவில்லைதான். ஆனால் அந்த அனுபவம் சேர்ந்த காலத்தின் வானிலை வேறு. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி கூடியிருந்தது என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் பன்னாட்டுக் குழு மதிப்பிட்டிருக்கிறது. அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிற மழை அதிகமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, வானத்தில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் தரை மாறிவிட்டது. சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டோம், பள்ளத்தில் கட்டடம் கட்டிவிட்டோம், தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டோம். வடிகால்களோ பழைய மழைக்கணக்கை வைத்துக் கட்டியவை.

‘நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்று பொறியாளர்கள் சொல்லும் சொற்றொடரும் நிறையப் பேரைத் தவறாக நிம்மதியடைய வைக்கிறது. போன ஆண்டு வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டுக்கு வராது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இயங்கும் அமைப்பு அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம், ஏறக்குறைய நான்கில் ஒன்று. வானிலை மாறாமல் இருந்தால் வரும் கணக்கு இது. நிர்வாகக் குழுவில் கணக்கு வழக்கு பார்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார்.

இனி முக்கியமான பகுதி. எச்சரிக்கைக்கும் செயலுக்கும் இடையே ஒரு நேர்க்கோடு போட்டுக் கொடுப்பது. பல நாடுகளின் வானிலைத் துறைகள் இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வைத்து எச்சரிக்கின்றன. மஞ்சள் வந்தால் இன்னார் வடிகால் வாயைச் சுத்தம் செய்து, கைபேசிகளையும் விளக்குகளையும் சார்ஜ் போட்டு வைப்பார். ஆரஞ்சு வந்தால் இன்னார் பதிவேடுகளையும் மருந்துகளையும் மேலே ஏற்றுவார், இன்னார் பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்புவார். சிவப்பு வந்தால் மூடிவிட வேண்டும், அல்லது இடம் மாற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொரு பெயர். இது ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அலுவலக அறையைக் காற்றும் மழையுமாக இருக்கும் இரவில் பூட்டி வைத்திருப்பார்கள்.

இதில் எல்லோரும் தவிர்க்கும் கேள்வி ஒன்று உண்டு. மூடலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? காப்பகத்தின் பொறுப்பாளர், தலைவரைக் கேட்காமல் மூட முடியாது என்று தயங்குவார். தலைவர் வெளியூரில் இருப்பார். மூடினால் பெற்றோர்கள் திட்டுவார்கள், அன்றைய வருமானம் போகும், மழை பெய்யாவிட்டால் கேலி பேசுவார்கள். இந்தத் தயக்கத்தில்தான் மணிநேரங்கள் போகின்றன. ஆகவே நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள். இன்ன நிற எச்சரிக்கை வந்தால் அந்த நேரத்தில் பொறுப்பில் இருப்பவரே மூடலாம், யாரையும் கேட்க வேண்டாம், எச்சரித்தபடி மழை வராவிட்டாலும் அவர்மீது கேள்வி வராது. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முன்னெச்சரிக்கை என்றாலே சில தடவை பொய்த்துப்போகும். அந்தச் சில தடவைகளில் திட்டு வாங்கியவர் உண்மையாக வரும்போது காத்திருப்பார், அந்தக் காத்திருப்புதான் ஆபத்து. பெற்றோர்களிடமும் இதைப் பருவம் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் அன்றைக்குச் சண்டை வராது.

முன்கூட்டிய முடிவுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கதேசத்தைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. 1970 நவம்பரில் அந்தக் கரையைத் தாக்கிய புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளுக்குள் அரசும் செம்பிறைச் சங்கமும் (செஞ்சிலுவைச் சங்கத்தைப் போன்ற ரெட் கிரசென்ட் அமைப்பு) சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கொடி ஏற்றுவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது என்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது, கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்திலும், இருபது லட்சத்துக்கும் அதிகமானோரை அங்கே இடம் மாற்றினார்கள். அந்த நாட்டில் இறந்தவர்களின் எண்ணிக்கை சில பத்துகளில் நின்றது. அந்த அனுபவத்தில் உங்களுக்கு உதவும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆரம்பத்தில் எச்சரிக்கை கேட்டும் பலர் வீட்டை விட்டு நகரவில்லை. கால்நடைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்ற கவலை, வீட்டில் திருட்டுப் போகுமே என்ற பயம், நெரிசலான முகாமில் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்ற அச்சம். இவற்றுக்கு வழி செய்யச் செய்யத்தான் மக்கள் வரத் தொடங்கினார்கள். உங்கள் அமைப்புகளிலும் ‘ஏன் அன்றைக்குச் செய்யவில்லை’ என்று கேட்டால் அதற்குப் பின்னால் இப்படி நியாயமான ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடுங்கள், அலட்சியம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பணியாளர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளம் வரும்போது அவர்கள் வீட்டிலும் வெள்ளம் வரும். முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்ப்பவருக்குச் சிறு குழந்தை இருந்தால் அவர் அன்றைக்கு எங்கே இருப்பார்? திட்டத்தில் அவர் பெயரை எழுதுவதற்கு முன் இதைக் கேட்டாக வேண்டும். குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்து இல்லத்திலேயே தங்கலாம் என்று ஏற்பாடு செய்தால் அவர் வருவார். வழியில் ஓடும் தண்ணீர் இருந்தால் வரச் சொல்லவே கூடாது. கணுக்காலைத் தாண்டி 15 சென்டிமீட்டர் அளவுக்கு வேகமாக ஓடும் தண்ணீரே ஒரு பெரியவரைத் தள்ளிவிடும், 30 சென்டிமீட்டர் இருந்தால் சிறிய கார்களை நகர்த்தும், 60 சென்டிமீட்டர் பெரிய வண்டிகளையும் இழுத்துப் போகும். ஆகவே யார் வேலைக்கு வர வேண்டும் என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்து, முன்பே வரவழைத்துவிட வேண்டும்.

உங்கள் கடிதம் முழுக்க மழையும் வெள்ளமுமாக இருக்கிறது, வெப்பம் ஒரு வரிகூட இல்லை. எனக்குக் கவலையாக இருப்பது அதுதான். வெள்ளம் சுவரில் அடையாளம் விட்டுப் போகும், புகைப்படம் எடுக்கலாம். வெப்பம் அப்படி எதையும் விட்டுப் போவதில்லை. இறந்தவர்களின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ எழுதியிருக்கும். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையால் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக வாழ்ந்தவர்கள் பலர். அதற்குப் பிறகு அங்கே தனியாக இருக்கும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு உள்ளாட்சிகள் பதிவு செய்து வைத்துக்கொள்கின்றன. வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள். 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 டிகிரி வரை போனது. வழக்கமான மே மாதங்களோடு ஒப்பிட்டால் அந்த மாதம் 1,300க்கும் அதிகமான கூடுதல் மரணங்கள். 2013இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தெற்காசியாவில் அதுதான் முதலாவது. எச்சரிக்கை நிறங்கள், மருத்துவமனைகளுக்குப் பயிற்சி, குடிநீர், கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு என்று எல்லாம் பெரிய செலவில்லாத காரியங்கள்.

உங்கள் முதியோர் இல்லத்தில் இந்த வாரமே ஒன்று செய்யலாம். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாதாரண வெப்பமானியை மாட்டி, பிற்பகலிலும் நள்ளிரவிலும் அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். இரவும் தணியாத அறை எது என்று தெரிந்துவிடும், அநேகமாக மேல்தளத்தில் மேற்குப் பார்த்த அறையாக இருக்கும். வெயில் காலத்தில் நடமாட முடியாதவர்களின் கட்டில்களை அங்கிருந்து மாற்றுவதற்குப் பணம் வேண்டாம். அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடாக்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது ஈரத்துணியும், தோலில் தண்ணீர் தெளிப்பதும், குளிர்ந்த வேறோர் இடத்துக்கு அழைத்துப் போவதும்தான் வழி. சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கக்கூடியவை. தாங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். வெயில் காலம் தொடங்கும் முன் மருத்துவ மையத்தின் மருத்துவர் ஒருமுறை இல்லத்துக்கு வந்து எல்லோருடைய மருந்துச் சீட்டையும் பார்க்கட்டும். இரண்டு அமைப்புகளும் உங்கள் உறுப்பினர்களாக இருப்பதன் பலன் அது.

இங்கேதான் நூலகமும் இளைஞர் மன்றமும் வருகின்றன. நூலகக் கட்டடம் பகலில் குளிர்ச்சியாக இருந்தால் வெப்ப நாட்களில் பக்கத்து வீட்டு முதியவர்கள் வந்து உட்காரும் இடமாக அதைத் திறந்து வைக்கலாம். மேட்டில் இருந்தால் மழை நாட்களில் காப்பகத்துப் பிள்ளைகள் அங்கே போகலாம். தனியாக வாழ்பவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வர இளைஞர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பது மேலே இருக்கும் எந்தத் துறைக்கும் உங்கள் உறுப்பினர்களுக்குத் தெரியுமளவு தெரியாது. ஒவ்வோர் அமைப்புக்கும் தனித்தனியாக ஒரு திட்டம் எழுதியதால் இந்த இணைப்புகள் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். இரண்டிரண்டு அமைப்புகளாக உட்கார வையுங்கள். உனக்கு நான், எனக்கு நீ என்று ஒரு பக்க ஒப்பந்தம் போதும்.

பணம் இல்லை என்கிறார்களே, அதை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் மேலே சொன்னதில் பாதிக்கு மேல் பணமே தேவைப்படாதவை. 2019இல் தகவமைப்புக்கான உலக ஆணையம் வெளியிட்ட அறிக்கை, 24 மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தால் புயலாலும் வெப்ப அலையாலும் வரும் சேதத்தை 30 சதவீதம் குறைக்கலாம் என்கிறது. அந்த 24 மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால்தான் அந்த 30 சதவீதம் மிச்சமாகும். செலவு பிடிக்கும் வேலைகளைத் தனித் திட்டமாகக் கொண்டுபோகாமல் எப்படியும் செய்யப்போகும் பழுதுபார்ப்போடு சேர்த்துவிடுங்கள். மின் கம்பிகளை மாற்றும்போது பலகையை உயரத்தில் வைக்கச் சொல்வதற்குக் கூடுதல் செலவு கொஞ்சம்தான், தனியாகச் செய்தால் அதிகம். கூரைக்கு வண்ணம் அடிக்கப் போகிறார்களா, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கட்டும். காப்பீடு இருந்தால் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். வெள்ளம் அதில் அடங்குகிறதா என்று பல அமைப்புகள் பார்த்ததே இல்லை. நீர் இறைக்கும் பம்பு, சிறிய ஜெனரேட்டர் போன்றவற்றைக் கூட்டமைப்பே ஒன்றோ இரண்டோ வாங்கிப் பொதுவில் வைக்கலாம், ஆனால் புயல் அன்று முதலில் யாருக்கு என்பதை வாங்கும் அன்றே எழுதிவிடுங்கள்.

நல்லெண்ணத்தோடு செய்து கெடுதலாக முடியும் வேலைகளும் உண்டு. ஐ.நா. குழுவின் 2022 அறிக்கை இதைத் தனியாகவே எச்சரிக்கிறது. வளாகத்தை மட்டும் மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்துக் குடிசைகளுக்குள் போகும். வாசற்படியை உயர்த்தினால் சக்கர நாற்காலி ஏறாது, அவசரத்தில் வெளியேறவும் முடியாது. குளிர்சாதனத்தை மட்டும் நம்பி ஜன்னல்களை நிரந்தரமாக மூடிவிட்ட கட்டடம், வெப்ப அலையின் உச்சத்தில் மின்சாரம் போனால் அடுப்பாகிவிடும். எந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசினாலும் ‘இதனால் வேறு யாருக்குத் தொல்லை, இது செயலிழந்தால் என்ன ஆகும்’ என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

ஒரு கசப்பான விஷயத்தையும் எழுதாமல் விட மனமில்லை. சில கட்டடங்களைக் காப்பாற்ற முடியாது. ஆற்றுப் படுகையில், கடல் அரிக்கும் கரையில், சரியும் மலைச்சரிவில் இருக்கும் ஒரு கட்டடத்துக்கு எத்தனை பம்பு வைத்தாலும் போதாது. அங்கே முதியோர் இல்லம் இருந்தால், இடம் மாற வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரோ அன்போடு தானமாகக் கொடுத்த இடமாக இருக்கும், நிறுவியவரின் நினைவாக இருக்கும். ஒரே கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாது. வெள்ளம் வந்த ஆண்டுகளையும் உயரத்தையும் சுவரிலேயே குறித்துக் காட்டுங்கள். முதல் படியாகப் படுக்கையில் இருப்பவர்களை மட்டும் மழைக்காலத்தில் வேறிடம் மாற்றலாம் என்று கேளுங்கள். முழுதாக மாறுவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், அதனால்தான் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும்.

கடைசியாக, மேலிடம் கேட்கும் அறிக்கை. ‘இத்தனை அமைப்புகளுக்குத் திட்டம் தயார்’ என்ற எண்ணிக்கையைக் கொடுக்க உங்களால் முடியும், மாதிரியில் பெயரை மாற்றினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக வேறு அளவுகோல்களை நீங்களே முன்வையுங்கள். எத்தனை அமைப்புகளில் மூடும் அதிகாரத்தைத் தீர்மானமாக எழுதியிருக்கிறார்கள்? எத்தனை இடத்தில் ஒருமுறையாவது ஒத்திகை நடந்தது? அதில் என்ன தடுமாறியது, என்ன சரிசெய்தார்கள்? எத்தனை அமைப்புகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன? ஆண்டு முடிவுக்குள் எல்லா அமைப்புகளையும் தொட முடியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, முதியோர் இல்லத்தையும் காப்பகத்தையும் மருத்துவ மையத்தையும் முதலில் எடுத்துக்கொள்வதாக எழுதுங்கள். தாமாக நகர முடியாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதைக் காரணமாகக் காட்டினால் எந்த மேலிடமும் மறுப்பது கடினம்.

ஒத்திகைக்கு ஒரு யோசனை: முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சனிக்கிழமை மாலை, பொறுப்பாளர் விடுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து, ‘சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது, இது ஒத்திகை’ என்று காப்பகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். யார் எடுக்கிறார், அடுத்து யாரைக் கூப்பிடுகிறார், பதிவேடுகள் எப்போது மேல் தட்டுக்குப் போகின்றன என்று மட்டும் பாருங்கள். யாரையும் குறை சொல்லாமல், எங்கே நின்றுபோனதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் போய்ப் பேசுங்கள். நடந்ததை எனக்கும் எழுதுங்கள்.